புகையாத கணப்புக்கு ஒரு கையெழுத்து

டன்ஹாம் முக்கில் நவம்பர் முதல் தேதிக்கு முன்னால் கணப்பு மூட்டுகிறவனை யாரும் திட்டுவதில்லை. நலம் விசாரிப்பார்கள். உடம்புக்கு முடியவில்லையா என்பார்கள். வீட்டில் கைக்குழந்தை ஏதாவது இருக்கிறதா என்பார்கள். பாஸ்டன் பக்கத்தில் பெண்ணெடுத்த வகையில் இப்படி ஒரு பலவீனம் வந்ததோ என்று ஜாடையாகக் கேட்பார்கள். அமெரிக்காவின் மெயின் மாநிலத்து வடபாதியில் இதைவிடக் கடுமையான தண்டனை கிடையாது.

லெண்டல் பிங்க்கமுக்கும் ஓரின் மெரோவுக்கும் நவம்பர் ஒன்று போதவில்லை. இருவருக்கும் எழுபத்தொரு வயது. எதிரெதிர் வீடு. ஊர் மொத்தமும் கணப்பு மூட்டிக் காலை நீட்டி உட்கார்ந்த பிறகும் இவர்கள் இருவரும் மூட்டாமல் இருப்பார்கள். எவர் முதலில் மூட்டுகிறாரோ அவர் தோற்றவர். முப்பத்தொரு வருஷமாக இந்தப் போட்டி நடக்கிறது.

விதிகள் உண்டு. மின்சாரக் கணப்பு கூடாது. அது கோழிக்குஞ்சுகளுக்கு உரியது. தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்க நிலவறையில் ஒரு பல்பு எரியலாம். போட்டி முடியும்வரை எவர் வீட்டுக்கும் விருந்தாளி வரக்கூடாது, ஏனென்றால் மனித உடம்பும் ஒரு கணப்புதான். 2003இல் லெண்டல் இருபத்து மூன்று பேரைக் கூப்பிட்டு பீன்ஸ் விருந்து வைத்தார். அன்று அவர் வீடு எழுபது டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குப் போய்விட்டது. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

எல்லாவற்றுக்கும் தலையாய விதியை ஓரின் தன் கையால் எழுதினார். ஹாலிஸின் கடையில் காபி இயந்திரத்துக்கு மேலே அது ஆணியில் தொங்குகிறது: 'கூரைமேல் புகைபோக்கியில் புகை தெரிந்தால் மூட்டியதாகக் கணக்கு. தெரியாவிட்டால் இல்லை. வாய்ப்பேச்சு செல்லாது.'

இந்தப் போட்டியால் பட்ட கஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. 2014இல் பால் உறைந்துவிடாமல் இருக்க அதை எடுத்து ஃபிரிட்ஜுக்குள் வைக்க வேண்டியிருந்தது. கை விறைத்தால் லெண்டலின் மனைவி ஏவிஸ் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு முன்னால் நிற்பாள். பரணில் இருந்த சிலந்தி அந்த வருஷம் வலையை இரட்டை நூலில் பின்னியது. நாய் ஒருநாள் காலை யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் பதினோரு மைல் நடந்து போய் நாய்க் காப்பகத்தில் தானே சேர்ந்துகொண்டது. லெண்டல் அழைத்துவரப் போனபோது இந்த ஆளை முன்பின் பார்த்ததே இல்லை என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இவ்வளவுக்கும் பிறகு கடந்த நாலு வருஷமாக ஓரின்தான் ஜெயிக்கிறார். டிசம்பர் பாதியில் லெண்டலுக்குப் பல் கிட்டித்துவிடும், மூட்டிவிடுவார். ஓரினுடைய புகைபோக்கியோ துடைத்துவைத்த மாதிரி நிற்கும். இந்த வருஷம் செத்தாலும் மூட்டுவதில்லை என்று லெண்டல் முடிவு செய்திருந்தார். விறைத்துச் செத்தால் நாலு நாளைக்கு நாற்றம்கூட வராது என்று ஏவிஸிடம் ஆறுதலாகச் சொன்னார்.

ஏவிஸ் முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். நாற்பது பிள்ளைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு பனிச்சாலையில் மலையிறங்கியவளுக்கு ஒரு கிழவனை வழிக்குக் கொண்டுவருவது பெரிய காரியமில்லை. ஆனால் அவள் சண்டை போடவில்லை. அக்டோபரில் தன் சேமிப்பை எடுத்துக்கொண்டு போய் ஒரு புதுக் கணப்பு வாங்கிவந்துவிட்டாள். பழைய கணப்பு விறகில் பாதியை வீட்டுக்கும் பாதியை வானத்துக்கும் கொடுத்துக்கொண்டிருந்தது. புதியது நூற்றுக்கு எழுபத்தேழு பங்கு சூட்டை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுமாம். அப்படிப்பட்ட சிக்கனக் கணப்பு வாங்கினால் விலையில் முப்பது சதவீதத்தை, இரண்டாயிரம் டாலர் வரைக்கும், அரசாங்கம் வருமான வரியில் கழித்துக்கொடுக்கும். குழாயோடு, பொருத்துக்கூலியோடு ஆறாயிரத்து எழுநூறு ஆயிற்று. ஆக முழு இரண்டாயிரமும் உண்டு. கடைக்காரன் வந்து பொருத்திவிட்டு, பழையதைக் காயலான் கடைக்கு ஏற்றிக்கொண்டு போனான்.

புதுக் கணப்பு கூடத்தில் கறுகறுவென்று கண்ணாடிக் கதவோடு சில்லென்று நின்றது. ஏவிஸ் அதை வாராவாரம் துடைத்தாள். மேலே ஒரு பூந்தொட்டி வைத்தாள்.

டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி அவள் பில்லை எடுத்துக்கொண்டு கிளெனிஸிடம் போனாள். ஊரில் பாதிப் பேருக்கு வரிக் கணக்கு எழுதுகிறவள் கிளெனிஸ். பேச்சுக்குப் பேச்சு எல்லாரையும் 'கண்ணு' என்பாள். யாருக்குப் பித்தப்பையில் கல், யார் வீட்டில் தம்பதிகள் தனித்தனி அறையில் படுக்கிறார்கள் என்பதெல்லாம் அவள் வழியாகத்தான் ஊருக்கு வரும்.

ஏவிஸ் திரும்பிவந்து கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். அந்த வீட்டில் யாருமே கோட்டைக் கழற்றுவதில்லை என்பது வேறு விஷயம்.

"லெண்டல், இந்த வருஷத்துக்குள்ள மூட்டியாகணும்."

"எத?"

"பூந்தொட்டிய. கணப்பத்தான் மனுஷா. வாங்கி வச்சா மட்டும் பத்தாதாம். முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள எரிஞ்சிருக்கணும்கிறா கிளெனிஸ். அடுத்த வருஷம்னா அந்தச் சலுகையே கிடையாது, சட்டத்தையே எடுத்துட்டாங்களாம்."

"எரிஞ்சுதுன்னு எழுதிக்கச் சொல்லேன்."

"எழுத மாட்டா. போன தடவ ஒருத்தன் பெட்டியக்கூடப் பிரிக்காம கொட்டகையில போட்டுட்டு எரிஞ்சுதுன்னு சொல்லி இவள மாட்டிவிட்டுட்டானாம். அதுலேர்ந்து அவளே ஒரு காகிதம் அடிச்சு வச்சிருக்கா. தீயணைப்புத் தலைவர் நேர்ல வந்து பாத்து கையெழுத்துப் போடணும்."

டன்ஹாம் முக்கின் தீயணைப்புத் தலைவர் ஓரின் மெரோ.

"அவன் கையெழுத்துப் போட்டா நான் தோத்தேன்னு அர்த்தம்," என்றார் லெண்டல்.

"போடலன்னா ரெண்டாயிரம் போச்சுன்னு அர்த்தம். அத நம்பித்தான் மலிவா இருந்தத விட்டுட்டு இத எடுத்தேன். என் பஸ் காசு. நல்லாக் கேட்டுக்கோ. அந்தக் காகிதம் கையெழுத்தோட கிளெனிஸ் மேசைக்குப் போனா, குளிர்காலம் பூரா இந்தக் கணப்புக்கு முன்னால உக்காந்திருப்பேன். போகலன்னா அரிசோனா வெயில்ல அக்கா வீட்டுல உக்காந்திருப்பேன். நீ உன் சிலந்தியோட இரு."

அவள் குரலை உயர்த்தவில்லை. பேருந்தில் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல் அது, உயர்த்தத் தேவையில்லை.

மறுநாள் காலை பனிப்புயல் வந்தது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் கை தெரியவில்லை. லெண்டல் இரண்டு முறை நீட்டிப் பார்த்தார், இரண்டாம் முறை வேறு யாருடைய கையோ வந்துவிட்டதென்று பிறகு சொன்னார். இந்தப் புயலில் எவன் புகைபோக்கியை எவன் பார்ப்பது என்று அவருக்குத் தோன்றியது. பூந்தொட்டியை இறக்கினார். காய்ந்த பீர்ச் மரப்பட்டையை வைத்துக் கொளுத்தி, மேலே இரண்டு வருஷம் காய்ந்த மேப்பிள் விறகை அடுக்கினார். கால் மணி நேரம் புகைந்தது. பிறகு கண்ணாடிக்குப் பின்னால் நெருப்பு தங்க நிறத்தில் சாவகாசமாக ஆடத் தொடங்கியது.

மத்தியானம் புயல் விட்டது. லெண்டல் முற்றத்தில் இறங்கிக் கூரையை அண்ணாந்து பார்த்தார். புகைபோக்கிக்கு மேலே காற்று லேசாக நெளிந்தது. புகை இல்லை. ஒரு இழைகூட இல்லை. மூக்கை உயர்த்தி மோந்தும் பார்த்தார்.

உள்ளே வந்து ஏவிஸின் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். அவள் பயந்துவிட்டாள்.

"ஏவிஸ், இதுல புகையே வரல."

"வராது. அதுக்குத்தான் ஆறாயிரத்தி எழுநூறு."

"விதி என்ன சொல்லுது? புகை தெரிஞ்சாத்தான் மூட்டினதாக் கணக்கு. புகை இல்ல. அதனால நான் மூட்டல. ஆனா உள்ள நெருப்பு இருக்கு. அதனால அவன் கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும். ரெண்டாயிரமும் எனக்கு, போட்டியும் எனக்கு."

"உனக்கு இல்ல, எனக்கு. ரெண்டாயிரம் எனக்கு. போட்டிய நீயே வச்சுக்கோ," என்றாள் ஏவிஸ். ஆனால் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அவளுடைய முழங்கையை டிசம்பரில் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்ததால் லெண்டல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தொன்றாம் தேதி காலை பத்து மணிக்கு அவர் ஹாலிஸின் கடையில் எல்லார் முன்னாலும் தன் வழக்கை எடுத்துவைத்தார். ஹாலிஸ் காபி ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். ஓரின் மூலை மேசையில் உட்கார்ந்து டோனட் தின்றுகொண்டிருந்தார். ஒல்லியான, நீளமான ஆள். தலையில் தீயணைப்புத் துறைத் தொப்பி. ஓரினைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். துறைக் காகிதத்தில் அவர் பொய் எழுதமாட்டார். ஒருமுறை அனுமதிச் சீட்டில்லாமல் தன் கொல்லையில் சருகு எரித்துவிட்டு, தனக்குத் தானே நோட்டீஸ் அனுப்பி, தானே வந்து அபராதம் கட்டி, தனக்கே எச்சரிக்கை சொல்லி அனுப்பிவைத்தார்.

"அப்படின்னா மூட்டிட்ட," என்றார் ஓரின்.

"புகை தெரிஞ்சுதா?"

"நீயே சொல்றியேடா, நெருப்பு எரியுதுன்னு."

"வாய்ப்பேச்சு செல்லாது. உன் கையெழுத்துதான் மேல தொங்குது, படிச்சுக்கோ."

ஹாலிஸ் சிரித்தான். "தலைவரே, ஒரு நட போய்ப் பாத்துட்டு வந்துருங்க. எரியுதுன்னு நீங்க கையெழுத்துப் போட்டா அதுக்கப்புறம் இந்த ஆள் எப்படி மூட்டலம்பார்? அஞ்சாவது வருஷமும் நீங்கதான்."

ஓரினுக்கு அது சரியென்று பட்டது. டோனட்டின் மிச்சத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். கடையிலிருந்த ஏழெட்டுப் பேரும் கூடவே கிளம்பினார்கள். விருந்தாளி கூடாதென்ற விதியை ஓரின் அரசாங்க அலுவலின் பொருட்டு ஒரு மணி நேரத்துக்குத் தள்ளிவைத்தார்.

முற்றத்தில் எல்லாரும் வரிசையாக நின்று கூரையைப் பார்த்தார்கள். புகை இல்லை. உள்ளே போனார்கள். நெருப்பு எரிந்தது. எல்லாரும் கையைக் காட்டிக்கொண்டு கணப்பைச் சுற்றி நின்றார்கள். ஏவிஸ் காகிதத்தையும் பேனாவையும் மேசைமேல் வைத்தாள்.

ஓரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். "ஒண்ணு. இந்தக் கணப்பு இந்த வருடத்தில் எரியக் கண்டேன். கண்டேன்." லெண்டலைப் பார்த்து இளித்தார். "ரெண்டு. புகைபோக்கியில் புகை தென்படவில்லை. படல. மூணு. தேதி. தெரியும்." நாலாவது வரிக்கு வந்தார். அதை உரக்கப் படிக்கவில்லை. மனசுக்குள் படித்தார், இன்னொரு முறை படித்தார். இளிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

பேனாவை மூடினார்.

"என்னால கையெழுத்துப் போட முடியாது."

ஏவிஸ் பேனாவைத் திறந்து மறுபடி அவர் முன்னால் வைத்தாள்.

"ஏனாம்?" என்றாள்.

"புகை இல்ல. புகை இல்லன்னா நெருப்பு இல்ல. விதி அப்படி."

"அப்ப அது என்ன, கண்ணாடிக்குப் பின்னால?"

ஓரின் அதை நன்றாக உற்றுப் பார்த்தார். "இப்பல்லாம் எல்லாத்துக்கும் படம் காட்டுறாங்க," என்றார்.

"கையக் கொஞ்சம் படத்து மேல வச்சுப் பாருங்களேன், தலைவரே," என்றான் ஹாலிஸ்.

ஓரின் வைக்கவில்லை. "மூட்டலன்னு லெண்டலே சொல்றான். நானும் சொல்றேன். போட்டி தொடருது," என்று தொப்பியை அழுத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தட்டில் வைத்துக் கொடுத்த வெற்றியை ஒரு மனிதன் வேண்டாமென்று போகிறான். அதுவும் ஓரின். சாவுவீட்டில் சீட்டாடினாலும் ஜெயிக்காமல் எழுந்திருக்காத ஆள். லெண்டல் காகிதத்தை எடுத்து நாலாவது வரியைப் படித்தார். 'இத்தகைய புகையில்லாக் கணப்புகளில் அலுவலருக்குள்ள சொந்த அனுபவம்: ____ வருடம்.' கிளெனிஸுக்குக் காகிதத்தில் காலி இடம் விட்டு அடிப்பதென்றால் ஒரு பிரியம். பூஜ்யம் என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. வந்த அத்தனை பேரும் கணப்பை நோக்கிப் போனார்கள். இரண்டு மாதமாக நெருப்பில்லாத வீட்டிலிருந்து வந்த ஓரின் மட்டும் கதவோரம் நின்று கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் மணி இரண்டாகிவிட்டது. கிளெனிஸ் நாலு மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். ஏவிஸ் படுக்கையறையில் அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு பெட்டியின் ஜிப் சத்தம்.

லெண்டல் காகிதத்தை மடித்துப் பேனாவோடு உள்சட்டையில் செருகிக்கொண்டு, பனிக் காலணியைக் கட்டி, சாலையைக் கடந்து போனார். வாசல் கதவைத் தட்டவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். பின்பக்கம் முழுக்கக் காடு. அங்கே யாருக்கும் ஜோலி கிடையாது.

மூலை திரும்பியதும் நின்றார்.

எங்கும் இடுப்பளவு பனி. ஆனால் ஓரின் வீட்டுப் பின்சுவரை ஒட்டி ஒரு பெரிய ஜமக்காளம் அளவுக்குப் பச்சைப் புல். நடுவில் மஞ்சளாக நாலைந்து புல்பூக்கள் பூத்திருந்தன. ஓரினின் ஆறு கோழிகளும் வரிசையாக அதில் படுத்திருந்தன. ஒன்று இறக்கையை விரித்துப் புரண்டு, கடற்கரைக்கு வந்த சீமாட்டி மாதிரி கிடந்தது. சுவரில் முழங்கால் உயரத்தில், கைமுட்டி அளவு ஒரு குழாய் வெளியே நீட்டிக்கொண்டு இளஞ்சூடாக மூச்சு விட்டது. பக்கத்துச் சாய்ப்பில் கூரை வரைக்கும் மூட்டை அடுக்கியிருந்தது. ஒவ்வொரு மூட்டையிலும், லாயத்தில் பரப்புகிற சாமான்போல, 'குதிரைப் படுக்கை' என்று எழுதியிருந்தது. ஒன்று கிழிந்து, மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்னக் குச்சிகள் முயல் புழுக்கை மாதிரி சிந்திக் கிடந்தன.

பின்கதவு திறந்தது. ஓரின் அரைக்கைச் சட்டையோடு நின்றார்.

கொஞ்ச நேரம் இருவரும் கோழிகளைப் பார்த்தார்கள்.

"ஓரின், உன் குதிர செத்து ஆறு வருஷம் ஆச்சு."

"ஆச்சு."

"ரெண்டு டன் படுக்க வாங்கி வச்சிருக்க."

"நல்ல குதிர," என்றார் ஓரின்.

பிறகு படியில் உட்கார்ந்தார். "பெல்லட் கணப்புடா. இந்தக் குச்சிதான் பெல்லட். நாலு வருஷம் ஆச்சு. மூட்டையக் கொட்டிட்டு ஒரு பொத்தான அமுக்கினா தானே எரியும். மேல குழாயே வேணாம், சுவத்துல ஓட்ட போட்டாப் போதும்."

"நாலு வருஷமா என்ன ஏமாத்திருக்க."

"ஒரு பொய் சொல்லிருக்கனா? மூட்டலன்னு ஒரு தடவயாவது என் வாய்லேர்ந்து வந்திருக்கா? புகைபோக்கியப் பாருன்னேன். நீ பாத்த."

லெண்டல் யோசித்துப் பார்த்தார். வந்ததே இல்லை. நாலு குளிர்காலம் கோட்டுக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு தூங்கியது நினைவுக்கு வந்தது. கையில் ஒரு விறகுக்கட்டை இருந்திருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

"என்ன விலை?"

"அஞ்சாயிரம். பொருத்துக்கூலியோட."

"வரிச் சலுகை வாங்கினியா?"

ஓரின் இல்லையென்று தலையை ஆட்டினார். "பில்ல கிளெனிஸ் கிட்டக் காட்டணுமே. பத்து மணிக்கு அவளுக்குத் தெரிஞ்சா பத்தே காலுக்குக் காட்டு மான்களுக்குத் தெரியும். வேண்டாம்னு விட்டுட்டேன்."

"எவ்வளவு போச்சு?"

"கணக்குப் பாக்கல. பாத்தா மனசு தாங்காது."

லெண்டல் மெதுவாகக் காகிதத்தை வெளியே எடுத்தார். இப்போது நேராகக் கடைக்குப் போய் எல்லாரையும் இந்தப் பச்சைப் புல்லுக்கு அழைத்துவரலாம். நாலு வருஷமும் தன் பக்கம் திரும்பிவிடும், இந்த வருஷமும் சேர்ந்து ஐந்து. ஹாலிஸ் கடைப் பலகையில் எழுதுவான். ஆனால் ஓரின் தலைவர் வேலையை விட்டுவிடுவார். தனக்குத் தானே நோட்டீஸ் அனுப்பியவர் வேறென்ன செய்வார். தலைவர் இல்லாத ஊரில் நாலு மணிக்குள் யார் கையெழுத்துப் போடுவது? ஏவிஸ் பெட்டியின் ஜிப் முக்கால்வாசி மூடியிருக்கும்.

"போடு," என்றார்.

"நாலாவது வரி இருக்கேடா. பூஜ்யம்னு எழுத எனக்குக் கை வராது. துறைத் தொப்பி போட்டுக்கிட்டு எழுதுறது."

"தொப்பியக் கழட்டிக்கோ."

"அப்ப கையெழுத்து செல்லாது."

"நாலுன்னு எழுது. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"கிளெனிஸ் படிப்பாளே."

"அவ வாய நான் பாத்துக்கறேன். நீ போடு. கையெழுத்துப் போட்டா நான் மூட்டினேன்னு ஆகுது, நீ ஜெயிச்சேன்னு ஆகுது. கடையில நானே சொல்றேன், அஞ்சாவது தடவையாத் தோத்தேன்னு."

இதைச் சொல்லிவிட்டு லெண்டல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புல்பூவின் மகரந்தமாக இருக்கும் என்று பிறகு விளக்கம் சொன்னார்.

ஓரின் அவரைப் பார்த்தார். பேனாவை வாங்கி, ஒரு கோழியை நகர்த்திவிட்டு, முழங்காலில் வைத்து நாலு வரியும் நிரப்பினார். நாலாவதில் அழகாக 4 என்று எழுதினார்.

கிளெனிஸ் கோட்டு மாட்டிக்கொண்டிருக்கும்போது லெண்டல் மூச்சு வாங்க உள்ளே நுழைந்தார். மணி மூன்று நாற்பது. அவள் காகிதத்தை வாங்கிப் படித்தாள். கடைசி வரியில் அவள் விரல் நின்றது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கண்ணு, இங்க நாலு வருஷம்னு இருக்கு."

"இருக்கு."

"ஓரினுக்கு நாலு வருஷ அனுபவம்."

"ஓரினுக்குத்தான்."

கிளெனிஸின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறி காது வரைக்கும் போனது. வாய் திறந்தது, மூடியது. கொதிக்கிற பாத்திரத்தின் மூடி மாதிரி இருந்தது முகம்.

"கிளெனிஸ், இது வெளிய போகக் கூடாது. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"போகாது, கண்ணு. போக முடியாது." அவள் குரலில் அப்படி ஒரு துக்கம். "இது உங்க வரிக் காகிதம். வரிக் காகிதத்துல இருக்கிறத வெளிய சொன்னா என் தொழில் போகும். ஜெயிலும் உண்டு. நான் இந்த ஊர்ல எத சொல்லாம விட்டிருக்கேன்? யோசிச்சுப் பாருங்க. யாரோட வரியப் பத்தியாவது ஒரு வார்த்த சொல்லிருக்கனா?"

லெண்டல் யோசித்தார். பித்தப்பைகள் வந்தன, விவாகரத்துகள் வந்தன, பாதிரியாரின் தலைமுடி பொய்முடி என்பது வந்தது. வரி ஒன்றுகூட வரவில்லை.

"அப்ப ஓரின் அன்னிக்கே பில்ல உன்கிட்டக் கொண்டு வந்திருந்தா?"

"சவக்குழி வரைக்கும் என்னோட வந்திருக்கும். பாவி மனுஷன். எவ்வளவுக்கு வாங்கினார்?"

"அஞ்சாயிரம்னான்."

கிளெனிஸ் பென்சிலை எடுக்கவே இல்லை. "நாலு வருஷம் முன்னாடி இருபத்தாறு சதவீதம். ஆயிரத்தி முந்நூறு டாலர். அப்ப விட்டாலும் பரவால்ல, கணக்கத் திருத்திப் போட்டு வாங்கிக்க மூணு வருஷம் டைம் இருந்துது. போன ஏப்ரல்லதான் முடிஞ்சுது, கண்ணு. போன ஏப்ரல்ல."

ஏவிஸின் கணக்கில் இரண்டாயிரத்தை எழுதி முத்திரை குத்திக் கொடுத்தாள். லெண்டல் கதவைச் சாத்தும்போது அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லெண்டல் முதலில் வீட்டுக்குத் தொலைபேசினார். "பெட்டியப் பிரி," என்றார். மறுமுனையில் ஜிப் சத்தம் கேட்டது, திறக்கிறதா மூடுகிறதா என்று சொல்ல முடியவில்லை. "விறகு எடுத்துட்டு வா," என்று ஏவிஸ் சொன்ன பிறகுதான் காது குளிர்ந்தது.

பிறகு ஹாலிஸின் கடைக்குப் போனார். காலையில் வந்த கூட்டம் அப்படியே இருந்தது. ஓரின் மூலை மேசையில், பாதிரியாரைப் பார்க்க வந்தவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லெண்டல் நடுவில் நின்று, தான் கணப்பை மூட்டியது உண்மை, தலைவர் மறுபடி யோசித்துக் கையெழுத்துப் போட்டார், ஐந்தாம் முறையும் ஓரினே ஜெயித்தார் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். ஹாலிஸ் பலகையை எடுத்து எழுதினான். யாரோ ஓரினின் முதுகில் தட்டினார்கள். யாரோ அவருக்கு ஆப்பிள் பை என்கிற பலகாரத்தில் ஒரு துண்டு வைத்தார்கள்.

லெண்டல் கைகொடுக்கப் போனார். கையைப் பிடித்தபடியே குனிந்து காதருகில் சொன்னார்:

"வரி விஷயத்த அவ வெளிய சொல்ல முடியாதாம்டா. சட்டமாம். அன்னிக்கே காட்டிருக்கலாம். ஆயிரத்தி முந்நூறு. போன ஏப்ரல் வரைக்கும் டைம் இருந்துதாம்."

ஓரினின் கை அவர் கைக்குள்ளேயே கனத்தது. கண் கலங்கியது. பலகாரத் துண்டைத் தள்ளிவைத்தார்.

"பாத்தீங்களா, மனுஷன் எவ்வளவு நெகிழ்ந்துட்டார்," என்றான் ஹாலிஸ். கடை முழுக்க இன்னொரு முறை கைதட்டியது.

லெண்டலும் தட்டினார். எல்லாரும் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு விறகு கொண்டுபோக வேண்டும் என்று சொல்லி விடைபெற்றுக்கொண்டார்.